திரை தூங்கிவிட்டதா? பக்கத்தைத் திரும்பத் திறக்காமல் தகவல் வரவழைப்பதில் வரும் கோளாறுகளும் வைத்தியமும்

பினாங்கு ஜார்ஜ்டவுன் லிட்டில் இந்தியாவில் உள்ள ஒரு பூமாலைக் கடைக்கு நான்தான் கணினி வைத்தியன். முன்கட்டில் ஆர்டர் எழுதுகிறார்கள். பின்கட்டில் மாலை கட்டுகிறார்கள். நடுச்சுவரில் ஒரு திரை தொங்குகிறது. முன்னே எழுதியது தரவுத்தளத்துக்குப் போய், பின்கட்டில் யாரும் எதையும் அழுத்தாமலே அந்தத் திரையில் வந்து விழ வேண்டும். விழாத நாளில் கடைக்கார அக்கா அழைப்பார்: "தம்பி, திரை தூங்கிவிட்டது. வந்து எழுப்பு." தைப்பூசத்துக்கு முந்தின வாரம் அந்த அழைப்பு வந்தால் எனக்குப் பசியாறக்கூட நேரம் இருக்காது.

இதே கோளாறை ஒரு சாப்பாட்டுக் கடையிலும், பட்டர்வொர்த்தில் ஓர் உதிரிபாகக் கடையிலும், ஒரு டியூஷன் நிலையத்திலும் பார்த்திருக்கிறேன். இடம் மாறுகிறதே தவிர அறிகுறிகள் மாறுவதில்லை. இங்கே சொல்வதெல்லாம் மாத வாடகைப் பகிர்வு சர்வர், அதில் ஓடும் நிரல்மொழி பிஎச்பி, தரவுத்தளம் மைஎஸ்கியூஎல், உலாவியில் பக்கத்தைத் திரும்பத் திறக்காமல் சர்வரிடம் தகவல் கேட்கும் ஜாவாஸ்கிரிப்ட் கட்டளை ஃபெட்ச் என்ற அமைப்பை வைத்துத்தான். வேறு மொழியில் எழுதியவர்களுக்கும் முக்கால்வாசி பொருந்தும்.

## எதையும் தொடுவதற்கு முன்

பழைய பாணிப் பக்கம் கெட்டால் ஊரைக் கூட்டிக் கத்தும்: வெள்ளைத் திரை, பிழைச் செய்தி, ஏதாவது ஒன்று. திரும்பத் திறக்காத பக்கம் கெட்டால் வாயே திறக்காது. பார்ப்பவருக்கு எல்லாம் சரியாக இருப்பதுபோலவே தோன்றும். ஆகவே நிரலைத் திறந்து வரிவரியாகப் படிக்க உட்காராதீர்கள். சர்வர் என்ன பதில் அனுப்பியது என்று முதலில் பாருங்கள்.

கணினியில் குரோம் அல்லது ஃபயர்ஃபாக்ஸில் அதே பக்கத்தைத் திறந்து எஃப்12 விசையை அழுத்துங்கள். நெட்வொர்க் தாவலுக்குப் போய், ஃபெட்ச் கோரிக்கைகளை மட்டும் காட்டும் வடிகட்டியைப் போடுங்கள். பழைய பதிவை அழிக்காமல் வைத்திருக்கச் சொல்லும் கட்டத்தில் குறியிடுங்கள். இதை மறந்துதான் பலர் அரை நாளைத் தொலைக்கிறார்கள். பிறகு கோளாறு வரும் பொத்தானை ஒருமுறை, ஒரே ஒருமுறை, அழுத்துங்கள்.

பக்கமே திரும்பத் திறந்துகொண்டால் முதல் அறிகுறிக்குப் போங்கள். பட்டியலில் ஒரு வரிகூட வராவிட்டால் இரண்டாவது. சிவப்பு வரி வந்தால் மூன்றாவது. 200 என்ற எண்ணோடு (சர்வர் "சரி" என்று சொல்லும் எண்) வரி வந்தும் திரை காலியாக இருந்தால் நான்காவது. தகவல் வருகிறது, ஆனால் கோணலாக வருகிறது என்றால் அதற்குப் பிறகு உள்ளவை.

கடையில் இருப்பது டேப்லெட்டாயிற்றே, அதில் எஃப்12 ஏது என்று கேட்பீர்கள். கணினியில் அதே கணக்கில் நுழைந்து பாருங்கள். அங்கே சரியாக ஓடினால் கோளாறு டேப்லெட்டில்: பழைய உலாவி, நிறைந்துபோன சேமிப்பு, இல்லையென்றால் வைஃபை. அந்தப் பூக்கடை டேப்லெட்டின் மேல் எப்போதும் ஈரமான ஒரு பிளாஸ்டிக் உறை இருக்கும். ஒருநாள் ஒரு மணி நேரம் நிரலைத் தேடிய பிறகுதான், உறைக்குள் நீர் கோத்துத் தொடுதிரை விரலை உணரவில்லை என்று தெரிந்தது. உறையைக் கழற்றியதும் எல்லாம் ஓடியது.

## அறிகுறி 1: பொத்தானை அழுத்தினால் பக்கம் முழுவதும் திரும்பத் திறக்கிறது

படிவத்துக்குள் இருக்கும் பொத்தானுக்கு வகை குறிப்பிடாவிட்டால், படிவத்தை அனுப்பும் பொத்தான் என்றே உலாவி எடுத்துக்கொள்ளும். அனுப்பினால் பக்கம் திறக்கத்தான் செய்யும். வகையைச் சாதாரணப் பொத்தான் என்று மாற்றுங்கள், அல்லது படிவம் அனுப்பப்படும் நிகழ்வில், உலாவியின் வழக்கமான செயலைத் தடுக்கும் பிரிவென்ட் டிஃபால்ட் கட்டளையைக் கொடுங்கள்.

கட்டளை ஏற்கெனவே இருக்கிறதா? அது எந்த வரியில் இருக்கிறது என்று பாருங்கள். அதற்கு மேலே உள்ள ஒரு வரி தடுக்கி விழுந்தால் கட்டளை ஓடாது, படிவம் தன் போக்கில் போய்விடும். பக்கம் திரும்பத் திறப்பதால் கன்சோலில் (எஃப்12 அழுத்தினால் வரும் பிழைச்செய்தித் தாவல்) வந்த சிவப்புச் செய்தியும் கண் சிமிட்டும் நேரத்தில் அழிந்துவிடும். பழைய பதிவை வைத்திருக்கச் சொன்னது இதற்காகத்தான். கட்டளையை முதல் வரிக்கு ஏற்றுங்கள், பிறகு உண்மையான பிழை தானே வெளியே வரும்.

இதற்கு யாரையும் கூப்பிட வேண்டாம்.

## அறிகுறி 2: அழுத்தினால் ஒன்றுமே நடக்கவில்லை

கன்சோலைத் திறந்து பாருங்கள். ஜாவாஸ்கிரிப்ட் கோப்பே 404 ஆகி, அதாவது அந்த முகவரியில் ஒன்றுமில்லை என்ற பதிலோடு, வராமல் இருக்கலாம். மடிக்கணினியில் ஓடியது, சர்வரில் ஏற்றியதும் நின்றுவிட்டது என்றால், கோப்பின் பெயரில் பெரிய எழுத்து, சின்ன எழுத்து வேறுபாட்டைத் தேடுங்கள். விண்டோஸ் அதைக் கண்டுகொள்ளாது. லினக்ஸ் சர்வருக்கு அவை இரண்டும் வேறு வேறு கோப்பு.

அடுத்து, நிரல் தேடும் பொத்தானின் அடையாளப் பெயரும் பக்கத்தில் உள்ள பெயரும் ஒன்றுதானா? ஒன்றாக இருந்தும் "நல்" (ஒன்றும் கிடைக்கவில்லை) என்று கன்சோல் புலம்பினால், பொத்தான் பிறப்பதற்கு முன்பே நிரல் அதைத் தேடிப் போயிருக்கிறது. பக்கம் முழுவதும் வந்த பிறகே நிரலை ஓட்டச் சொல்லும் டிஃபர் என்ற சொல்லை, நிரலை இணைக்கும் வரியில் சேர்த்தால் தீரும்.

இந்த அறிகுறியில் ஒரு தனிவகை உண்டு. பக்கம் திறந்தபோது இருந்த வரிசைகளில் "முடிந்தது" பொத்தான் வேலை செய்கிறது, பிறகு தானாக வந்து சேர்ந்த வரிசைகளில் வேலை செய்யவில்லை. காரணம் எளிது: பொத்தான்களோடு நிகழ்வைக் கட்டியபோது புதிய வரிசைகள் உலகத்திலேயே இல்லை. ஒவ்வொரு பொத்தானோடும் கட்டுவதை விட்டுவிட்டு, அவற்றைத் தாங்கும் அட்டவணையோடு ஒரே ஒருமுறை கட்டுங்கள். அழுத்தப்பட்டது எந்தப் பொத்தான் என்பதை நிகழ்வே சொல்லும். புதிய வரிசை வரும்போதெல்லாம் எல்லாப் பொத்தான்களோடும் திரும்பக் கட்டுகிறவர்கள் இருக்கிறார்கள். அவர்களுக்கு ஒரு அழுத்தலுக்கு நான்கு கோரிக்கை போகும், நான்கு மாலைக்குக் கணக்கு ஏறும்.

## அறிகுறி 3: கோரிக்கை போகிறது, சிவப்பாகத் திரும்புகிறது

முதலில் ஒன்று. ஃபெட்ச் 404, 500 போன்ற பிழை எண்களைத் தோல்வியாகவே கருதாது. இணைப்பே அறுந்தாலோ உலாவியே கோரிக்கையைத் தடுத்தாலோதான் அதன் பிழைப்பகுதி ஓடும். ஆகவே பதில் வந்ததும் அதன் ஓகே பண்பு சரியா என்று நீங்களே பார்த்து, சரியில்லை என்றால் திரையில் ஒரு வரி காட்டுங்கள். "ஆர்டர் வரவில்லை, வைஃபை பார்க்கவும்" என்று பின்கட்டில் ஒரு சிவப்பு வரி தெரிந்தாலே எனக்கு வரும் அழைப்புகள் பாதியாகக் குறைகின்றன.

### எண் 404

முகவரி தவறு. பெரும்பாலும் ஒரு சாய்கோடு கூடுதல், அல்லது குறைவு. அதுவும் சரியாக இருந்து, சில வாடிக்கையாளர்களுக்கு மட்டும் 404 வந்தால் அவர்களின் பெயரைப் பாருங்கள். நம் ஊர் அடையாள அட்டைப் பெயர்களில் நடுவே ஏ/எல் (மகன்), ஏ/பி (மகள்) இருக்கும். அந்தப் பெயரை அப்படியே முகவரிக்குள் வைத்தால் நடுவிலிருக்கும் சாய்கோட்டைச் சர்வர் புதிய கோப்புறை என்று நினைத்துக்கொள்கிறது. சாய்கோட்டை முகவரிக்கு ஏற்ற வேறு குறியாக மாற்றி அனுப்பினாலும் தப்பவில்லை. முகவரிப் பாதைக்குள் குறிமாற்றிய சாய்கோடு வந்தால் அப்பாச்சி சர்வர் இயல்புநிலையில் 404 என்றே திருப்பி அனுப்பும். பெயரை முகவரியில் வைக்காதீர்கள். வாடிக்கையாளர் எண்ணை வையுங்கள்.

### எண் 403

எல்லா ஆர்டரும் போகிறது, ஒரு குறிப்பிட்ட ஆர்டர் மட்டும் போக மறுக்கிறது என்றால் சர்வரின் பாதுகாப்பு வடிகட்டி மேல் சந்தேகப்படுங்கள். குறிப்புப் பகுதியில் எழுதிய ஏதோ ஒரு சொல் அதன் கண்ணுக்குத் தாக்குதல்போலத் தெரிந்திருக்கும். உங்களால் தீர்க்க முடியாது. தேதி, நேரம், முகவரி மூன்றையும் குறித்துக்கொண்டு சர்வர் வாடகைக்கு விட்டவர்களிடம் கேளுங்கள்.

### எண் 401 அல்லது 419

உள்நுழைவு காலாவதியாகியிருக்கிறது, அல்லது படிவத்தோடு போக வேண்டிய பாதுகாப்புக் குறி போகவில்லை. இரவு முழுவதும் திறந்தே கிடந்த பக்கத்தில் காலையில் வரும் கோளாறு இது. பிஎச்பிக்கான லாராவெல் என்ற நிரல்சட்டகம் பயன்படுத்துகிறவர்களுக்கு 419 பழைய நண்பன்.

### எண் 500

சர்வரில் ஓடும் நிரல் விழுந்திருக்கிறது. சர்வரின் பிழைப் பதிவேட்டைத் திறங்கள். பிழைகளைத் திரையில் காட்டும் அமைப்பை வாடிக்கையாளர் பார்க்கும் அகப்பக்கத்தில் போடாதீர்கள், கடவுச்சொல் இருக்கும் வரிகூட வெளியே தெரியக்கூடும். நேற்றுவரை ஓடியது இன்று 500 என்றால், சர்வரில் பிஎச்பி பதிப்பை ஏற்றியிருக்கிறார்களா என்று பாருங்கள். பழைய மைஎஸ்கியூஎல் கட்டளைகள் 7.0 பதிப்போடு நீக்கப்பட்டுவிட்டன. 8.1 பதிப்பிலிருந்து மைஎஸ்கியூஎல்ஐ நீட்சி, முன்பு சத்தமின்றி விழுங்கிய பிழைகளைத் தானாகவே தூக்கி எறிகிறது.

டி'சில்வா என்ற பெயரை எழுதினால் மட்டும் 500 வருகிறதா? பெயரிலுள்ள ஒற்றை மேற்கோள்குறி, தரவுத்தளத்துக்கு நீங்கள் அனுப்பும் கேள்வியான வினவலை நடுவில் வெட்டுகிறது. அந்த ஒரு பெயருக்கு மட்டும் ஒட்டுப்போடாதீர்கள். வேண்டுமென்றே அந்தக் குறியைப் போட்டுத் தரவுத்தளத்தையே படித்துவிடக்கூடிய ஓட்டை அது. வினவலையும் மதிப்பையும் பிரித்து அனுப்பும் முறைக்கு எல்லா வினவல்களையும் மாற்றுங்கள். இருபது, முப்பது கோப்பு இருந்து உங்களுக்கு அந்தப் பழக்கமும் இல்லை என்றால் இங்கேயே ஒரு நிரலரைக் கூப்பிடுங்கள்.

### எண்ணே இல்லை, "கார்ஸ்" என்று கன்சோல் சொல்கிறது

பக்கம் ஒரு முகவரியில் இருக்கிறது, கோரிக்கை வேறொரு முகவரிக்குப் போகிறது, அந்த முகவரி அனுமதி தரவில்லை. டபிள்யூ மூன்றோடு திறந்த பக்கமும் அது இல்லாத முகவரியும் உலாவிக்கு வேறு வேறு வீடு. முகவரியின் துறை எண் (போர்ட்) 3000, 8000 என்று மாறினாலும் அப்படித்தான். முழு முகவரியை எழுதாமல் சாய்கோட்டில் தொடங்கும் சுருக்க முகவரியை எழுதினால் பெரும்பாலான கடைகளுக்கு இந்தத் தொல்லையே கிடையாது. கோப்பை இருமுறை சொடுக்கித் திறந்து பார்க்கிறவர்களுக்கும் இதே செய்தி வரும், சர்வர் வழியாகத் திறங்கள்.

உண்மையிலேயே இரண்டு முகவரி தேவை என்றால் பதிலின் தலையில் போகும் அனுமதி வரியை, அதாவது அனுமதி ஹெடரை, தகவல் தரும் சர்வரில் சேர்க்க வேண்டும். "நோ கார்ஸ்" என்று ஃபெட்ச்சில் எழுதினால் செய்தி மறையும், தகவலும் உங்கள் கைக்கு வராது. சர்வர் 500 ஆகி விழுந்து, அந்தப் பிழைப் பக்கத்தில் அனுமதி ஹெடர் இல்லாமல் போனாலும் கன்சோல் கார்ஸ் என்றுதான் சொல்லும். பிழைப் பதிவேட்டைப் பார்க்காமல் அதை நம்பிவிடாதீர்கள்.

பக்கம் பூட்டுப்போட்ட எச்டிடிபிஎஸ் முகவரியில் இருந்து, கோரிக்கை சாதாரண எச்டிடிபி முகவரிக்குப் போனாலும் உலாவி தடுத்துவிடும்.

## அறிகுறி 4: 200 வருகிறது, திரை காலி

நெட்வொர்க் தாவலில் அந்த வரியைச் சொடுக்கி ரெஸ்பான்ஸ் பகுதியைப் படியுங்கள். கன்சோலில் "அன்எக்ஸ்பெக்டட் டோக்கன்" என்று கூறி அதன் பக்கத்தில் கோண அடைப்பின் இடப்பாதி தெரிந்தால், ஜேசன் (தகவலை மட்டும் பொதிந்து அனுப்பும் வடிவம்) வர வேண்டிய இடத்தில் எச்டிஎம்எல் (முழுப் பக்கத்தை எழுதும் வடிவம்) வந்திருக்கிறது என்று பொருள். எந்த எச்டிஎம்எல் என்பதை ரெஸ்பான்ஸ் சொல்லும்.

உள்நுழைவுப் பக்கமாக இருந்தால்: அமர்வு (உள்நுழைந்தவரைச் சர்வர் நினைவில் வைத்திருப்பது) முடிந்து சர்வர் உள்நுழைவுப் பக்கத்துக்குத் திருப்பிவிட்டது, ஃபெட்ச்சும் பேசாமல் அங்கே போய் 200 வாங்கி வந்துவிட்டது. தகவல் கேட்கும் கோப்புகளில் திருப்பிவிடாமல் 401 கொடுக்கச் சொல்லுங்கள். ஜேசனுக்கு முன்னால் பிஎச்பியின் எச்சரிக்கை வரி ஒட்டிக்கொண்டு வந்திருந்தால்: எச்சரிக்கையின் காரணத்தைச் சரிசெய்யுங்கள். சோதனைக்காக நீங்களே எழுதி மறந்துபோன ஒரு எக்கோ வரிகூட (பதிலில் எழுத்தைச் சேர்க்கும் கட்டளை) இருக்கலாம். எனக்கு இருந்திருக்கிறது.

ஜேசன் ஒழுங்காக வந்தும் திரையில் "ஆப்ஜெக்ட் பிராமிஸ்" என்று நின்றால், வந்துசேர்வதற்குள் எடுத்துப் பரிமாறிவிட்டீர்கள். பதிலுக்குக் காத்திருக்கச் சொல்லும் அவெய்ட் சேருங்கள். "அன்டிஃபைன்ட்" என்று நின்றால் தரவுத்தள அட்டவணையில் உள்ள பத்தியின் (நெடுவரிசை) பெயரும் நீங்கள் கேட்கும் பெயரும் எழுத்துக்கு எழுத்து ஒன்றா என்று பாருங்கள்.

ரெஸ்பான்ஸே வெறுமையாக, ஓர் எழுத்துகூட இல்லாமல் இருந்தால் அது தமிழ்த் தகவல் வைத்திருப்பவர்களுக்கு அதிகம் வரும் நோய். எனக்கு இரண்டு இரவு தூக்கம் போனது இதில்தான்.

பூக்கடையில் திடீரென்று மொத்தப் பட்டியலும் காணாமல் போயிற்று. 200 வருகிறது, பதில் சுழியம் பைட். வினவலைத் தனியே ஓட்டினால் 63 வரிசை கொட்டுகிறது. திரையின் அகலத்துக்கு அடங்க வேண்டும் என்று அதற்கு முந்தின நாள் வாழ்த்து வாசகத்தை 20 என்ற அளவில் வெட்டியிருந்தேன். பிஎச்பியின் சாதாரண சப்ஸ்டர் கட்டளை எழுத்தை எண்ணாது, பைட்டை எண்ணும். யூடிஎஃப்-8 என்ற எழுத்துமுறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட். 20 பைட்டில் வெட்டினால் ஆறு குறி முழுதாகவும், ஏழாவது குறியின் மூன்றில் இரண்டு பங்கும் வரும். அந்த அரைகுறைக் குறியைப் பார்த்ததும் ஜேசனாக மாற்றும் கட்டளை மொத்தத்தையும் கைவிட்டு, பொய் என்ற மதிப்பைத் திருப்பித் தரும். அதை எக்கோ செய்தால் வெறுமைதான். ஒரே ஒரு வரிசை கெட்டாலும் 63 வரிசையும் போச்சு. நான் சோதித்த ஆர்டர்களில் வாழ்த்து ஆங்கிலத்தில் இருந்ததால் அன்று எல்லாம் அழகாக ஓடியது.

சரிபார்க்கும் வழி: மாற்றிய கையோடு ஜேசனின் கடைசிப் பிழைச் செய்தியைப் பதிவேட்டில் எழுதச் சொல்லுங்கள். யூடிஎஃப்-8 பழுது என்று வந்தால் வெட்டும் இடத்தைத் தேடுங்கள். பைட்டை விட்டுக் குறியை எண்ணி வெட்டும் எம்பி சப்ஸ்டர் போட்டால் பட்டியல் திரும்பும். ஆனால் அதுவும் "கொ" என்ற எழுத்தின் கொம்பையும் காலையும் கழற்றிவிட்டு வெறும் "க" வை நிறுத்தக்கூடும். கிராஃபீம் சப்ஸ்டர் முழு எழுத்தாக வெட்டும். அதைவிட நல்லது, வெட்டுகிற வேலையைப் பக்கத்தின் தோற்றத்தைக் கவனிக்கும் சிஎஸ்எஸ்ஸிடம் விட்டுவிடுவது. பிஎச்பி 7.2 முதல், பழுதான குறியை மாற்றுக்குறியால் நிரப்பிவிட்டு மற்றதை அனுப்பச் சொல்லும் விருப்பமும் உண்டு. அவசரத்துக்கு அது கைகொடுக்கும்.

## அறிகுறி 5: தமிழ் உடைந்து வருகிறது

உடைசல் எந்த மாதிரி என்பதைப் பாருங்கள், வைத்தியம் அதைப் பொறுத்தது.

பின்சாய்கோடு, யு, 0பி95 என்று ரெஸ்பான்ஸில் தெரிந்தால் அது உடைசலே இல்லை. "க" என்ற எழுத்தை ஜேசன் அப்படித்தான் எழுதும். திரைக்கு வரும்போது சரியாகிவிடும். விட்டுவிடுங்கள்.

கேள்விக்குறிகளாக வந்தால்: "மல்லி" என்பதில் கண்ணுக்குத் தெரிவது மூன்று எழுத்து, கேள்விக்குறி ஐந்து வரும், புள்ளியும் கொக்கியும் தனித்தனிக் குறிகள் என்பதால். தரவுத்தளத்தை உலாவியில் காட்டும் பிஎச்பிமைஅட்மினில் அதே வரிசையைத் திறந்து பாருங்கள். அங்கே தமிழ் ஒழுங்காகத் தெரிந்தால் சேமிப்பு நன்றாக இருக்கிறது, தரவுத்தளத்தோடு பேசும் இணைப்புக்கு மட்டும் யூடிஎஃப்8எம்பி4 (மைஎஸ்கியூஎல்லில் முழு யூடிஎஃப்-8க்குப் பெயர்) என்று எழுத்துமுறை சொல்லவில்லை. ஒரு வரி சேர்த்தால் முடிந்தது. அங்கேயும் கேள்விக்குறிதான் என்றால், அந்தப் பத்தி தமிழுக்கு இடமில்லாத லத்தீன்1 முறையில் இருந்திருக்கிறது, எழுதும்போதே எழுத்து செத்துவிட்டது. எந்த மந்திரமும் அதை உயிர்ப்பிக்காது. காப்புநகலைத் தேடுங்கள், பத்தியின் எழுத்துமுறையை மாற்றுங்கள், போனதைத் திரும்பத் தட்டச்சு செய்யுங்கள்.

தலையில் சாய்கோடு போட்ட ஏ என்ற ஆங்கில எழுத்து, பக்கத்தில் வட்டத்துக்குள் ஆர், இப்படியே வரிவரியாகப் போனால்: தமிழின் மூன்று பைட்டையும் மூன்று லத்தீன் எழுத்தாகப் படித்திருக்கிறார்கள். இது செத்துப்போனதல்ல, மயக்கம்தான். மீட்கலாம். பழைய ஆர்டர்கள் இப்படியும் புதிய ஆர்டர்கள் சரியாகவும் வந்தால், யாரோ இணைப்பின் எழுத்துமுறையைச் சமீபத்தில் திருத்தியிருக்கிறார்கள். முன்பு எழுதும்போது ஒரு தவறும் படிக்கும்போது ஒரு தவறும் ஒன்றையொன்று அடித்துக்கொண்டதால் சரியாகத் தெரிந்தது. இப்போது ஒரு தவறு மட்டும் நீங்கியதால் வெளிப்பட்டுவிட்டது.

இங்கே நிறுத்துங்கள். முதலில் முழுக் காப்புநகல் எடுங்கள். அந்த நகலின்மேல் மட்டும், பத்தியைப் பைட்டாக மாற்றி அதிலிருந்து யூடிஎஃப்8எம்பி4 ஆக மாற்றிப் பாருங்கள். பழையதும் புதியதும் ஒரே பத்தியில் கலந்து கிடந்தால் நல்ல தமிழையும் சேர்த்துக் கெடுத்துவிடும். அந்தக் கலப்பு இருந்தால் தரவுத்தளம் அறிந்தவரைக் கூப்பிடுவதே மலிவு.

தமிழ் சரி, வாழ்த்தில் போட்ட பூப்படங்கள் மட்டும் காணாமல் போகின்றன என்றால்: மைஎஸ்கியூஎல்லின் பழைய யூடிஎஃப்8 முறை 3 பைட் வரைதான் தாங்கும். தமிழுக்கு அது போதும், அந்தப் படங்களுக்கு 4 வேண்டும்.

## அறிகுறி 6: பழைய தகவலே திரும்பத் திரும்ப வருகிறது

நெட்வொர்க் தாவலில் அளவு காட்டும் இடத்தில் எண்ணுக்குப் பதில் கேஷ் என்று இருந்தால், உலாவி தன் அலமாரியில் இருந்ததை எடுத்துக் கொடுக்கிறது. பதிலோடு கேஷ் கன்ட்ரோல் ஹெடரில் நோ ஸ்டோர் என்று அனுப்பச் சொல்லுங்கள். முகவரிக் கடைசியில் நேரத்தை ஒட்டி ஏமாற்றும் பழைய உத்தியும் வேலை செய்யும், ஆனால் நடுவில் வேறொரு கேஷ் இருந்தால் அதைக் குப்பையால் நிரப்பும்.

தேடல் கட்டத்தில் மட்டும் தவறான பெயர்கள் வருகிறதா? "மு" என்று தட்டியதும் ஒரு கோரிக்கை, "முத்து" என்றதும் இன்னொன்று. முதலாவது தாமதமாகி இரண்டாவதற்குப் பிறகு வந்து, சரியான பட்டியலின் மேல் ஏறி உட்கார்ந்துகொள்கிறது. வீட்டு இணையத்தில் தெரியாது, கடைவீதிக் கூட்டத்தில் கைப்பேசி இணையத்தில் நன்றாகத் தெரியும். தட்டி நிறுத்தியபின் 300 மில்லி விநாடி பொறுத்து அனுப்புங்கள். புதியது கிளம்பும்போது பழையதை அபார்ட் கன்ட்ரோலரால் ரத்து செய்யுங்கள்.

## அறிகுறி 7: வருகிறது, ஆனால் மாலை வாடிய பிறகு வருகிறது

செலவில்லாத சோதனை முதலில். அதே பக்கத்தை மறைநிலைச் சாளரத்தில் திறந்து உள்நுழையுங்கள். அங்கே வேகமாகவும் இங்கே மெதுவாகவும் இருந்தால் பிஎச்பி அமர்வுக் கோப்பின் பூட்டுதான் காரணம். இன்னொரு தாவலில் மாத அறிக்கை 20 விநாடி ஓடிக்கொண்டிருந்தால், அதே அமர்வின் மற்றக் கோரிக்கைகளெல்லாம் வாசலில் வரிசை நிற்கும். அமர்விலிருந்து வேண்டியதை எடுத்ததும், கனமான வேலைக்கு முன், அமர்வை மூடிவிடுங்கள். ஒரே வரி.

இரண்டு சாளரத்திலும் மெதுவா? எத்தனை வரிசை வருகிறது என்று எண்ணுங்கள். இன்றைய ஆர்டருக்காக மூன்று வருட ஆர்டரையும் இறக்கி, உலாவியில் வடிகட்டுகிற பக்கங்களை நிறையப் பார்த்திருக்கிறேன். வடிகட்டுவது தரவுத்தளத்தின் வேலை.

வரிசை குறைவுதான், இருந்தும் மெதுவா? வினவலுக்கு முன்னால், அது எப்படித் தேடுகிறது என்று காட்டும் எக்ஸ்ப்ளெய்ன் சேர்த்து ஓட்டுங்கள். வகை என்ற பத்தியில் ஆல் என்று வந்தால் மொத்த அட்டவணையையும் துழாவுகிறது. தேடும் பத்திக்கு, புத்தகத்தின் பின்னால் உள்ள சொல்லடைவு போன்ற இன்டெக்ஸ் போடுங்கள். போட்டும் மாறாவிட்டால் தேடும் விதத்தைப் பாருங்கள். பூக்கடை அக்கா வாடிக்கையாளரைத் தொலைபேசியின் கடைசி நான்கு எண்ணை வைத்துத்தான் தேடுவார். "எதில் தொடங்கினாலும் சரி, இதில் முடிய வேண்டும்" என்ற தேடலுக்கு இன்டெக்ஸ் உதவாது. கடைசி நான்கு எண்ணையும் தனிப் பத்தியில் எழுதி, அதற்கு இன்டெக்ஸ் போட்டேன். அக்கா எண்ணைத் தட்டி முடிப்பதற்குள் பெயர் வந்து நிற்கிறது.

பண்டிகைக் காலத்தில் மட்டும் மெதுவாகி, "டூ மெனி கனெக்ஷன்ஸ்" என்று பதிவேட்டில் வருகிறதா? நீங்களே உங்கள் சர்வரை அடித்துக்கொண்டிருக்கிறீர்கள். புதிய ஆர்டர் இருக்கிறதா என்று 2 விநாடிக்கு ஒருமுறை கேட்கும் கருவி 10 இருந்தால் மணிக்கு 18,000 கோரிக்கை. 15 விநாடிக்கு ஒருமுறை என்றால் 2,400. மாலை கட்டுகிறவருக்கு 13 விநாடி வித்தியாசம் தெரியாது. அதோடு, பதில் வந்ததா என்று பாராமல் குறித்த இடைவெளியில் கேட்டுக்கொண்டே இருக்கும் செட் இன்டர்வல்லை எடுத்துவிட்டு, ஒரு பதில் வந்து முடிந்த பிறகே அடுத்ததற்கு நேரம் குறியுங்கள். இல்லாவிட்டால் சர்வர் தடுமாறும் நேரத்தில்தான் கோரிக்கைகள் ஒன்றன்மேல் ஒன்றாகக் குவியும். முழுப் பட்டியலைக் கேட்காமல், கடைசியாக வந்த ஆர்டர் எண்ணைச் சொல்லி அதற்கு மேல் உள்ளதை மட்டும் கேளுங்கள். பக்கம் மறைந்திருக்கும்போது கேட்பதையே நிறுத்துங்கள்.

கேட்காமலே புதிய ஆர்டரைச் சர்வரே திரைக்குத் தள்ளிவிடும் முறைக்கு மாறலாமே என்று இளைஞர்கள் கேட்கிறார்கள். பகிர்வு சர்வரில் பிஎச்பியோடு அதைச் செய்தால் திறந்திருக்கும் ஒவ்வொரு திரையும் ஓர் இயக்கத்தைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பத்துத் திரைக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். மேலே சொன்னதெல்லாம் செய்தும் தீராவிட்டால்தான் பெரிய சர்வருக்குப் பணம் கட்டுவது, அதை நடத்த ஆள் வைப்பது.

## அறிகுறி 8: காலை ஆர்டர் நேற்றைய கணக்கில் விழுகிறது

8 மணிக்கு முன் எழுதியது மட்டும் நேற்றைய தேதியில் போனால் தேடவே வேண்டாம். மலேசிய நேரம் உலகப் பொதுநேரத்தைவிட 8 மணி நேரம் முன்னே இருக்கிறது. ஜாவாஸ்கிரிப்டின் டூ ஐஎஸ்ஓ ஸ்ட்ரிங் பொதுநேரத்தில் தேதி கொடுக்கும், பூக்கடை காலை 6 மணிக்கே திறந்துவிடும். தேதியைச் சர்வரில் போடுங்கள், தரவுத்தள இணைப்பின் நேர மண்டலத்தைக் கூட்டல் 08:00 என்று வையுங்கள். நமக்குக் கோடைநேர மாற்றம் கிடையாது என்பதால் அந்த எண் போதும்.

## அறிகுறி 9: வேறொருவரின் ஆர்டர் தெரிகிறது

முகவரியில் உள்ள ஆர்டர் எண் 57 ஐ 58 ஆக்கினால் அடுத்தவரின் பெயரும் தொலைபேசி எண்ணும் வருகிறதா? "அந்தப் பொத்தான் அவருக்குத் தெரியாதே" என்று சமாதானம் சொல்லாதீர்கள். பொத்தானை மறைத்தாலும் கோப்பு திறந்தேதான் கிடக்கிறது. கேட்கிறவருக்கு அந்த ஆர்டரைப் பார்க்க உரிமை உண்டா என்று ஒவ்வொரு கோரிக்கையிலும் சர்வர் பார்க்க வேண்டும். இதேபோல, வாடிக்கையாளர் எழுதியதை இன்னர் எச்டிஎம்எல் வழியாகத் திரையில் கொட்டுகிறீர்களா என்றும் பாருங்கள். அவர் எழுதியது நிரலாக இருந்தால் உங்கள் திரையில் ஓடும். எதையும் வெறும் எழுத்தாகவே காட்டும் டெக்ஸ்ட் கன்டென்ட் போடுங்கள்.

உங்கள் கண்ணில் மட்டும் பட்டிருந்தால் திருத்திவிடலாம். வெளியார் யாராவது பார்த்திருக்கிறார்கள் என்ற சந்தேகம் இருந்தால் எதையும் திருத்த வேண்டாம். தகவல் தரும் அந்த ஒரு கோப்பின் பெயரை மாற்றி வாசலை மூடுங்கள், கடை ஒரு நாள் காகிதத்தில் ஆர்டர் எழுதட்டும். சர்வரின் பதிவேடுகளை அழிக்காமல் நகலெடுத்து வையுங்கள். பாதுகாப்பு அறிந்த நிரலரை அன்றே கூப்பிடுங்கள். கடை முதலாளிக்கும் அன்றே சொல்லுங்கள். மலேசியாவின் 2010ஆம் ஆண்டுத் தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டத்தில் செய்த திருத்தத்தின்படி, கணிசமான பாதிப்பு ஏற்படக்கூடிய கசிவை 72 மணி நேரத்துக்குள் ஆணையருக்குத் தெரிவிக்க வேண்டும். 2025 ஜூன் 1 முதல் அது நடைமுறையில் இருக்கிறது. கசிவு தெரியவந்த நேரத்தைக் குறித்து வையுங்கள், ஆர்டர் எழுதும் அதே காகிதத்தின் பின்புறமானாலும் சரி.